மாத்திரை வரிசையில் ஒரு மாப்பிள்ளை

ஹெச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் மையத்தில் ஆலோசகர் வேலை என்பது, அடுத்தவர் படுக்கையறையைப் பற்றிக் கேட்டுவிட்டு, அங்கே யாரும் இல்லை என்ற பதிலை மட்டும் எதிர்பார்க்கும் வேலை. கோயமுத்தூரில் பத்து வருடமாக அதைத்தான் செய்கிறேன். எனக்கும் அதே வைரஸ், அதே மாத்திரை, புருஷனும் இல்லை. ஆகவே, சகோதரிகளே, பாதிக் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படிவம்

எங்கள் படிவத்தில் 'உடலுறவு உண்டா?' என்று ஒரு கேள்வி உண்டு. புருஷன் இறந்த பெண் என்றால் கேட்காமலேயே 'இல்லை' போடுவது எங்கள் வழக்கம். நேரம் மிச்சம், வெட்கமும் மிச்சம்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து மாத்திரைக்கு வரும் செல்விக்கு முப்பத்தாறு வயது. புருஷன் போய் எட்டு வருடம். அவள் உட்காருவதற்குள் நான் 'இல்லை' போட்டு முடித்திருந்தேன். தலைகீழாக இருந்த படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்கக்கா, என்னையக் கேக்கவே இல்லீங்களே?"

இலவசப் பெட்டி

கேட்டேன். ஆள் உண்டு என்றாள்: இங்கே கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழனிசாமி. எங்கள் மாத்திரை வரிசையில்தான் பழக்கமாம். மனைவியை இழந்தவர், அவருக்கும் இதே நோய். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள்.

போகும்போது செல்வி ஆணுறைப் பெட்டியில் கைவைத்தாள். 'தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அதன்மேல் நாங்களே ஒட்டியிருக்கிறோம். அவள் தயங்கவில்லை, மருந்து கொடுக்கும் எங்கள் ஊழியர்தான் தயங்கினார். நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்டது இதுதான்: "புருசன் இல்லாத அம்மணிக்கு இதெல்லாம் எதுக்குங்க?"

பொருத்தம்

பழனிசாமியின் அம்மா விசாரிக்க வந்தார். ரத்தப் பரிசோதனை, வைரஸ் அளவு எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அந்த அம்மா கேட்டது பெண் என்ன கூட்டம் என்று. ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலப்பிரிவுக்குள், எங்கள் பக்கம் சம்பந்தம் கிடையாது. நல்லவேளை, வேறு வேறு கூட்டம். நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுச் சொன்னார்: "ஒரே நோவா இருந்தாப் பரவால்லீங்க. ஒரே கூட்டமா இருந்தா அண்ணன் தங்கச்சி ஆயிப்போகுமுங்க."

அறிவுரை

பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட செல்வி என்னைக் கூப்பிட்டாள். அவள் அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டானாம். நான் சும்மா கையெழுத்துப் போட்டிருக்கலாம். பத்து வருட அனுபவம் விடுமா? "இந்த உடம்போட எதுக்குக் கண்ணு இன்னொரு கல்யாணம்? மாத்திரையைப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றேன்.

செல்வி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நாள் தவறாம முழுங்குன்னீங்க, எட்டு வருசமா முழுங்குனேன். உசுரோட இருக்கறதுக்குத்தானுங்களே குடுத்தீங்க? இப்ப இருக்கறனுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, என் சொந்தப் படிவத்தில் நானே போட்டுவைத்திருந்த 'இல்லை'யையும் அடித்துவிட்டு, யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், எங்கள் ஊழியர்கள்தான் இன்னும் கேட்டபாடில்லை.