பத்துச் சக்கரமும் தரையில் படவேண்டும்

என் மனைவிக்குப் பொறுமை அதிகம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "பொறுமையெல்லாம் ஒண்ணுமில்ல. வேல தெரியும், அவ்ளோதான்" என்பாள். அவள் டென்டல் மெக்கானிக். விழுப்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய லேப். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், இவள் பல்செட் செய்து கொடுப்பாள். வளவனூர், கண்டாச்சிபுரம் வரைக்கும் இவள் செய்த பற்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கடிக்க வரவில்லை என்று ஒரு செட் திரும்பி வந்துவிட்டால், அன்றைக்கு முழுக்க அவளிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தியவன். எனக்குப் பொறுமையும் கிடையாது, கைவேலையும் வராது. நான் கெடுத்த ஒரு பொருளை அவள் எப்படிச் சரிசெய்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

1993இல் என் அண்ணன் தன் முதல் கப்பல் பயணம் முடிந்து ஊருக்கு வந்தார். என்ஜின் ரூமில் வேலை. வீட்டில் எல்லாருக்கும் துணி, சென்ட், சோப்பு என்று எடுத்துக் கொடுத்தார். எனக்கு மட்டும் ஓர் அட்டைப்பெட்டி. மூடியில் மூக்கு நீண்ட வெளிநாட்டு லாரியின் படம். உள்ளே லாரி இல்லை, லாரியாக வேண்டிய இருநூறுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் துண்டுகள்தான் இருந்தன. நகத்தளவு ஸ்டீயரிங், என்ஜின், ஃபேன், பத்து ரப்பர் டயர், கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கவேண்டிய இரண்டு வெள்ளி நிற சைலன்சர் குழாய்கள். எல்லாவற்றையும் ஒருமுறை காட்டிவிட்டு அண்ணன் பெட்டியை மூடினார்.

"இத நீ தனியா தொடாத. அடுத்த வாட்டி நான் வந்ததும் ரெண்டு பேரும் சேந்து ஒட்டலாம். இன்னா?"

"சரிண்ணா" என்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அவர் கிளம்பிப் போய் மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். நாலாவது வாரம் பெட்டியைப் பிரித்தேன். கூட வந்த கோந்து டியூபை முதல் நாளே பிதுக்கித் தீர்த்தாயிற்று. மிச்சத்துக்குச் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாங்கி வந்தேன். அது ஒட்டுவதற்குப் பதிலாக பிளாஸ்டிக்கைக் கூழாக்கியது. கதவுகள் உருகின. முன்கண்ணாடி மோர் தெளித்த மாதிரி வெளுத்துப்போனது. அவசரத்தில் கூரையை அழுத்திப் பிடித்ததில் ரேஷன் கடைக் கைநாட்டுப் போல என் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்துவிட்டது. இதையெல்லாம் மறைக்க, வாசல் கேட்டுக்கு அடித்த நீலப் பெயிண்டில் மிச்சம் இருந்ததை எடுத்து மேலே அப்பினேன். தரையில் வைத்துப் பார்த்தால், பத்துச் சக்கரத்தில் நாலுதான் தரையில் பட்டன. தொட்டால் ஆடியது.

அடுத்த வருடம் அண்ணன் வந்ததும் வராததுமாக, "எங்கடா நம்ம லாரி?" என்றார். நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் தலைமையாசிரியர் பெட்டியைப் பார்த்துவிட்டு ஷோகேஸில் வைக்கக் கேட்டார், அதனால் நானே ஒட்டிக் கொடுத்துவிட்டேன், திண்டிவனத்தில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, சூப்பராக வந்திருக்கிறது. அண்ணன் முகம் ஒரு நொடி வாடியது. "பரவால்ல. நல்லா வந்துச்சில்ல? அதான் வேணும்" என்றார்.

அந்த "பரவால்ல" என்னை ரொம்ப நாள் விடவில்லை. அதற்குப் பிறகு கடிதத்திலும் போனிலும் அவர் "நம்ம லாரி எப்டி இருக்கு?" என்று கேட்காத தடவை கிடையாது. லீவில் வந்து பார்க்கப் போகலாம் என்றால், பள்ளி பூட்டியிருக்கிறது என்று ஏதாவது காரணம் சொல்லித் தப்பிப்பேன். நானும் ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதெல்லாம், அண்ணனிடம் பொய் சொன்னேன் என்று சாமியாரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மூன்று 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு இலேசான மனதோடு வீட்டுக்கு வருவேன். அண்ணன் போன் வந்ததும் மறுபடி பொய் சொல்வேன்.

அசல் லாரி எங்கள் வீட்டுப் பரணில், கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. அதனாலேயே ஒவ்வொரு டிசம்பரிலும் குடில் பெட்டியை நான்தான் ஏறி எடுப்பேன். 2011 டிசம்பரில் எனக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. மனைவி ஏறினாள். குடில் பெட்டியோடு இன்னொரு பெட்டியும் இறங்கியது.

"இது இன்னாங்க?"

சொன்னேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவளுக்கு நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரே விஷயம் அதுதான். முழுக்கக் கேட்டுவிட்டு, "வருஷா வருஷம் சாமியார்கிட்ட சொல்லிக்கினு இருந்தீங்களா? லாரி சாமியாரோடதா?" என்றாள்.

அந்த வாரமே அண்ணன் போன் செய்தார். கடல் வேலை போதும், மே மாதம் ஒரேயடியாக ஊருக்கு வருகிறேன் என்றார். அதோடு நிறுத்தவில்லை. "ஏர்போர்ட்ல எறங்கி வர்ற வழிதான திண்டிவனம்? நம்ம லாரியப் பாத்துட்டுதான் வீட்டுக்கு வருவேன்." போனை வைத்ததும் மனைவியிடம் சொன்னேன். பொய் சொன்னதைக்கூட அவர் மன்னிப்பார். சேர்ந்து செய்யலாம் என்று அவர் ஆசையாக வைத்துவிட்டுப் போனதை நான் கூழாக்கிப் பரணில் போட்டேன் என்பதை அவர் எப்படித் தாங்குவார்?

மனைவி பெட்டியை லேப் மேசைக்குக் கொண்டுபோனாள். "நான் பண்ணித் தர்றேன். ஆனா நீங்க அவருகிட்ட உண்மைய சொல்லணும். எப்ப சொல்றீங்கன்றது உங்க இஷ்டம். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம் இல்ல."

பொங்கல் கழிந்ததிலிருந்து, ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து அவள் வேலைக்கு உட்காருவாள். முதல் நாள் லாரியைக் கையில் எடுத்து, விளக்கைத் திருப்பி, ஒரு வாயைப் பார்ப்பதுபோல எல்லா மூலையும் பார்த்தாள். "எடுக்க வேண்டியது நாலஞ்சிதான். மிச்சத்தக் காப்பாத்திடலாம்" என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாரி ஷெட் மெக்கானிக் ஒருவரிடம் நான் விசாரித்தேன். பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று அவர் சொன்னார். இந்த வேலையில் என்னால் ஆன உதவி அது ஒன்றுதான். இரண்டு நாள் ஊறவைத்ததில் கேட்டுப் பெயிண்ட் தோல்தோலாகக் கழன்றது. பழைய டூத் பிரஷ்ஷால் மிச்சத்தைத் தேய்த்து எடுத்தாள். பல் அச்சை அறுக்கும் மெல்லிய ரம்பத்தால் நான் ஒட்டிய இடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூன்று ஞாயிறு பிரிப்பதற்கே போனது.

பல்செட்டுக்கு ஒரு பவுடரும் லிக்விடும் உண்டு. அந்த லிக்விட் வாடைதான் எங்கள் வீட்டு வாடை. இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, அவள் பிரஷ் நுனியால் அந்த லிக்விடை ஒரு சொட்டு தொட்டுவைப்பாள். அது இடுக்கு முழுக்கத் தானாக ஓடும். கொஞ்ச நேரத்தில் ஒட்டின இடமே தெரியாது. நானும் செய்து பார்க்கிறேன் என்று அடம்பிடித்து ஒரு வீண் துண்டை வாங்கி, நாலு சொட்டு விட்டு உருக்கினேன். "ஜல்தி ஜல்தின்னா இப்டித்தான்" என்று சிரித்தாள். "புடிச்சிக்கினு சும்மா இருக்கணுங்க. உங்களுக்கு வராதது அது ஒண்ணுதான்."

காணாமல்போன ஒரு டயருக்கு, மற்றொன்றில் அச்செடுத்துப் பல்செட் பவுடரிலேயே வார்த்தாள். கறுப்பு அடிக்கும்வரை ஒன்பது கறுப்பு டயரும் ஈறு நிறத்தில் ஒரு டயருமாக லாரி நின்றது. முன்கண்ணாடியை ஸ்வீட் பாக்ஸ் மூடியை வெந்நீரில் இளக்கி வளைத்துச் செய்தாள். கூரையில் இருந்த என் கைநாட்டை அடைத்து, தேய்த்து, கண்ணாடிபோல ஆக்கிவிட்டாள். சரிசெய்ததோடு விட்டாளா? பெட்டியில் வந்தபடி ஒட்டினால் முன்சக்கரம் நேராக மட்டுமே நிற்கும், திரும்பாது. "லாரின்னா திரும்ப வேணாமா?" என்று கேட்டு, பல்லைக் கவ்வும் கம்பியை வளைத்து இரண்டு சக்கரத்தையும் இணைத்தாள். ஒரு சக்கரத்தைத் திருப்பினால் மற்றதும் கூடவே திரும்பியது. அந்த லாரியைச் செய்த கம்பெனிக்காரனுக்கே தோன்றாதது அது.

கடைசியில் அவள் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பல்செட்டில் கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீலக் காகிதம் உண்டு. நடுவில் வைத்துக் கடித்தால், எந்தப் பல் தூக்கலாக இருக்கிறதோ அதில் நீலம் ஒட்டும். அவள் மேசைக் கண்ணாடியில் அந்தக் காகிதத்தை விரித்து, லாரியை அதன்மேல் வைத்து இலேசாக அழுத்தினாள். தூக்கிப் பார்த்தால் ஆறு டயரில்தான் நீலம். "கடி ஒரு பக்கம் தூக்குது" என்று சொல்லி, சக்கர அச்சைப் பிரித்து அரத்தால் கொஞ்சம் ராவினாள். மறுபடி வைத்தாள். ஏழு. மறுபடி ராவினாள். நான் எழுந்து காபி குடித்துவிட்டு வந்தேன். எட்டு. எனக்குப் போதும் என்று தோன்றியது, யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் பத்திலும் நீலம் ஒட்டியது. எந்த மூலையைத் தொட்டாலும் லாரி ஆடவில்லை. பள்ளியில் ராஜராஜனின் பெரிய கோயிலைப் பற்றி எத்தனையோ வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். செய்கிற வேலை என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த இரண்டு சைலன்சர் குழாய்கள் மட்டும் பொருத்தப்படாமல் இருந்தன. கேட்டதற்கு, "காணோம்னு வச்சிக்குங்களேன்" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

மே மாதம், பள்ளிக்கு விடுமுறை. தலைமையாசிரியையிடம் கேட்டு, அறிவியல் ஆய்வுக்கூட ஷோகேஸில் சங்குகளுக்கும் கண்ணாடி ஜாடிகளுக்கும் நடுவில் லாரியை வைத்தோம். நானும் மனைவியும் அங்கேயே காத்திருக்க, ஏர்போர்ட் கார் நேராகப் பள்ளிக்கு வந்தது. அண்ணனுக்கு முடி நரைத்து, மூக்குக் கண்ணாடி ஏறியிருந்தது. ஷோகேஸைப் பார்த்ததும் அப்படியே நின்றார். இரண்டு கையாலும் லாரியை எடுத்து மேசையில் வைத்தார். முன்சக்கரத்தைத் திருப்பினார். மறுபக்கச் சக்கரமும் திரும்பியதும் என்னை ஏறிட்டுப் பார்த்து, "பிரமாதம்டா!" என்றார். அந்த நிமிடம், என் பதினெட்டு வருடப் பொய்யை அவள் கை உண்மையாக்கிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

என்ஜின் ரூம்காரர் கேபினுக்குப் பின்னால் விரலை வைத்தார். "சைலன்சர் எங்கடா?"

தொலைந்துவிட்டது என்பது நாக்கு நுனிவரை வந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பள்ளி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, இது நான் பண்ணதில்ல" என்று ஆரம்பித்தேன். மூன்று வாரம், பஞ்சர் சொல்யூஷன், கேட்டுப் பெயிண்ட், பரண், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். இத்தனை வருடம் இந்த லாரி இந்தப் பள்ளியில் இருந்ததே இல்லை, முந்தாநாள்தான் வைத்தோம் என்பதையும் சொன்னேன்.

அண்ணன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு, லாரியைப் பார்த்தபடியே சொன்னார். "அத உங்கிட்ட குடுத்துட்டுப் போன அந்த வருஷம் கப்பல்ல எனக்குத் தூக்கமே கெடையாதுடா. என்ஜின் சத்தம். படுத்துக்கினு, மொதல்ல எதெ ஒட்றது, அப்பால எதெ ஒட்றதுன்னு மனசுக்குள்ளயே ஒட்டிக்கினு இருப்பேன். நீ ஒரு பக்கம் புடிச்சிக்கினு இருப்ப."

அவர் தலையைத் தூக்கி, "எல்லாத்தையும் ஒட்டிட்டீங்களா? ஒண்ணுகூட மிச்சம் இல்லியா?" என்றார்.

மனைவி கைப்பையைத் திறந்தாள். நோயாளிகளுக்குப் பல்செட் வைத்துக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே பஞ்சின்மேல் இரண்டு வெள்ளிக் குழாய்கள். பக்கத்தில் ஒரு லிக்விட் புட்டியும் ஒரு பிரஷ்ஷும். இதை அவள் எப்போது யோசித்து எடுத்துவைத்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. "அவரு சொல்லாம இருந்திருந்தா இது வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கும் மாமா" என்றாள். பிரஷ்ஷை அண்ணன் கையிலும் குழாய்களை என் கையிலும் கொடுத்தாள்.

நான் குழாயைக் கேபினோடு சேர்த்துப் பிடித்தேன். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, ஒரு சொட்டு வைத்தார். லிக்விட் இடுக்கில் ஓடியது.

"ஆட்டாத."

வெளியே கார் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். மூக்கு அரித்தது. "விடுடா, ஒட்டிக்கிச்சி" என்று அண்ணன் சொல்லும்வரை நான் விரலை எடுக்கவில்லை.