பெரிய ஹோட்டலின் முதல் பந்தி

காலை ஆறேகாலுக்கு மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறும்போது வேண்டுமென்றே ஒன்றும் சாப்பிடவில்லை. புது வீட்டுக் கூடத்துத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் காரைக்குடி போய்விட்டுப் பெரிய ஹோட்டலில் கை நனைக்காமல் நான் திரும்பியதே கிடையாது. ஒன்பது மேசைதான் இருக்கும். பலகையில் ஏதோ சாமி பெயர். ஊரில் எல்லாருக்கும் அது பெரிய ஹோட்டல்.

எட்டரைக்கு இறங்கினேன். ஆட்டோக்காரர் "எங்குட்டு அண்ணே?" என்றார். சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூட்டி நாலு மாசமாச்சே. சரி, ஏறுங்க. வந்ததுக்குப் பூட்டையாவது பாத்துட்டுப் போவீக."

எண்பது ரூபாய். அவர் சொன்னபடி பூட்டைப் பார்த்தேன்.

எதிரே பேச்சியம்மாள் டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய், பேச்சு இலவசம்.

"முதல் பந்தி தெரியுமாண்ணே ஒங்களுக்கு?"

தெரியாமலா? மதியச் சாப்பாடு பதினொன்றரைக்குத்தான். பதினோரு மணிக்கு வேலையாட்கள் பதினோரு பேரும் முன்கூடத்தில், ஃபேனுக்கு அடியில், தலைவாழை இலை போட்டு உட்காருவார்கள். பழைய முதலாளி உள்ளே பார்த்து, "சாப்பிட வாங்கப்பா" என்று கூப்பிட்டுவிட்டு, அவரே ரசவாளியைத் தூக்குவார். நாங்கள் கஸ்டமர்கள் வெளியே வெயிலில் வாசனை பிடித்துக்கொண்டு நிற்போம். பசியோடு பரிமாறினால் கை தாராளமாக அள்ளாது என்பது அவர் கணக்கு.

"அந்தப் பெரியவுக போய்ச் சேந்துட்டாக. மகன் சொக்கலிங்கம் வந்து, டூரிஸ்ட் வேன் வார நேரத்துல ஆளுக உக்காந்திருந்தா எப்புடி, மூணரைக்குப் பின்கட்டுல சாப்புடுங்கன்னுட்டாரு. அன்னைக்கே கரண்டியக் கீழ வச்சுட்டாக. சங்கத்துக்காரக வந்து, பேசி, பழையபடி முதல் பந்தி ஒங்களுக்குத்தான்னு மகனும் ஒத்துக்கிட்டாரு."

"அப்ப ஏன் திறக்கலை?"

"அதத்தான் நானும் கேக்கேன். ராமையா மாஸ்டர் ஆத்தங்குடிக் கல்லுப் பட்டறையில கூலிக்குப் போறாரு. நாளைக்கு விடியல்ல ஓசூர், ஏதோ கம்பெனி கேண்டீனாம். அவரு போயிட்டா அம்புட்டுத்தான், அந்தக் கொழம்ப யாரு வைப்பா?"

பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஈரத்துணியால் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். சொக்கலிங்கம். யாரும் சாப்பிடாத மேசையை எதற்குத் துடைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பழைய கஸ்டமர் என்று சொன்னதும் நாற்காலி இழுத்துப் போட்டார்.

"பேசி முடிச்சதும் பதினோரு பேருக்கும் வாட்ஸ்அப்ல போட்டேன், புதன்கிழமை வேலைக்கு வரவும்னு. காலையில நானே அடுப்பு பத்த வச்சு உச்சி வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒரு ஆள் எட்டிப் பாக்கலை. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாக."

"நேர்ல போய்க் கூப்பிட்டிருக்கலாமே?"

"அவுகளுக்கு இது சொந்த வீடு மாதிரி. சொந்த வீட்டுக்கு வரச் சொல்லி வெத்தல பாக்கு வைக்கணுமா?"

சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது.

ஆத்தங்குடி சுமார் பதினைந்து கிலோமீட்டர். முதலில் நுழைந்த பட்டறையில் பூக்கோலம் போட்ட கல் பிடித்துப்போய்க் கூடத்துக்குச் சொல்லி வைத்தேன். மதியம் ஒரு மணிக்கு ஆட்கள் தூக்குவாளியைத் திறக்கும்போது நாலாவது பட்டறையில் ராமையாவைக் கண்டுபிடித்துவிட்டேன். கையெல்லாம் சிமென்ட். சொக்கலிங்கம் சொன்னதைச் சொன்னேன். தன் புளிச்சோற்றில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டிவிட்டுத்தான் பேசினார்.

"சொந்த வீடுதான், யாரு இல்லேன்னா? சண்டை போட்டு வெளிய வந்தபெறகு, கூப்புடாம எப்புடி நுழையிறது? போன்ல ஒரு வரி. ஒங்க மச்சான் மக கல்யாணத்துக்குப் பத்திரிகையப் போன்ல அனுப்புனா நீங்க போவீகளா?"

போக மாட்டேன். இவரும் சரிதான். இரண்டு பேரும் சரியாக இருக்கிற சண்டையில் நடுவே நின்றால் தலை சுற்றத்தான் செய்கிறது. முதலாளி வரச் சொல்லவில்லை என்று இவரும், இவர்கள் வர மறுத்துவிட்டார்கள் என்று அவரும். பூட்டு மட்டும் யாருக்காகத் தொங்குகிறது?

"அன்னைக்கு அவரே அடுப்பு பத்த வச்சு, உச்சி வரைக்கும் உங்களுக்காக உட்கார்ந்திருந்தாராம்" என்றேன்.

சோற்றில் கை நின்றது. "அவரா? அந்த மூணாவது அடுப்பு பொகையுமே. அவருக்குப் பத்த வைக்கத் தெரியாதே." ஒரு கவளத்தை உருட்டிக்கொண்டே, "சாப்புட்டாராமா அன்னைக்கு?" என்றார்.

கேட்கவில்லையே நான்.

மூன்றரைக்குக் காரைக்குடி வந்தேன். காலையில் எனக்குப் போட்ட அதே நாற்காலியில் சொக்கலிங்கம் இருந்தார். மாஸ்டர் விடியலில் ஓசூர் போகிறார் என்றேன்.

"தெரியும். போறேன்னு சொல்லி அனுப்புனாரா?"

"இல்லை. நீங்க அன்னைக்குச் சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு."

அவர் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார்.

"என்னன்னு கூப்புடுறது? அப்பச்சிதான் கூப்புடுவாக. நான் ஒருத்தரையும் கூப்புட்டதில்லையே."

"உங்க அப்பா எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே கூப்பிடுங்க. சாப்பிட வாங்கன்னு."

"இங்க சோறே இல்லையேங்க."

சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார். வண்டி ஆத்தங்குடிப் பக்கம் திரும்பியதைப் பேச்சியம்மாளும் நானும் பார்த்தோம். "பட்டறை எதுன்னு கேட்டாராண்ணே?" என்றாள். கேட்கவில்லை. ஆத்தங்குடியில் பட்டறைகளுக்கா பஞ்சம்?

நாலே முக்கால் பேருந்தில் திரும்பினேன். எங்கள் மதுரையில் இரவு இரண்டு மணிக்கும் சோறு கிடைக்கும், யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அது நல்லதா கெட்டதா என்று வழியெல்லாம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. சொக்கலிங்கம் பட்டறையைக் கண்டுபிடித்தாரா, வாய் திறந்து கூப்பிட்டாரா, அதுவும் தெரியாது.

கல் தயாரானதும் லாரியில் அனுப்புகிறோம் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். திருப்பத்தூர் தாண்டியதும் அவர்களைப் போனில் அழைத்து, வேண்டாம், நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கும் காலையில் ஒன்றும் சாப்பிட மாட்டேன். பதினோரு மணிக்கு முன்னால் போய்ப் பெரிய ஹோட்டலுக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டும்.