கதையில் இல்லாத தாய்

கேட்டதை மட்டும் எழுத வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஜேர்மன் நகரான டார்ம்ஸ்டாட்டின் பங்குக் கோயில் மண்டபத்தில் அன்ரனிற்றாவுக்கு இடப்பட்ட ஒரே கட்டளை அதுதான். எதற்கும் இரண்டு சொல் கூடவே பேசிப் பழகிய பாசையூர்ப் பெண்ணுக்கு அது லேசான வேலையா?

எண்பத்தேழில் அகதி விடுதியில் இருந்தவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கன்னியாஸ்திரிகளிடம் ஜேர்மன் படித்துத் தேறிய அவளைப் பங்குக் குரு ஹோல்ஸ் சுவாமி பிடித்துக்கொண்டார். அதே விடுதியிலிருந்த எரித்திரியாக்காரர் தெஸ்பாய், தம் சிறிய இனம் பேசும் பிலின் மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். சுவாமிக்கு அந்த மொழி தெரியாது. ஆகவே தெஸ்பாய் தாம் எழுதியதை வரிவரியாக ஜேர்மனில் திருப்பிச் சொல்வார்; அன்ரனிற்றா எழுதுவாள்; அதைப் படித்துத்தான் சுவாமி பிழை பிடிப்பார்.

கை அங்கே எழுதினாலும் மனம் ஊரில்தான் கிடந்தது. ஒரே மகன் கிளமென்ற் ரியூசனுக்கென்று சொல்லிவிட்டு இயக்கத்துக்குப் போய் இரண்டு வருடம். ஒரு துண்டுக் கடிதம் இல்லை. ஷெல்லடிக்குப் பயந்து அவளும் கணவர் தங்கராசாவும் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டிருந்தார்கள்.

"அவன் வந்து பாத்தால் பூட்டெல்லோ தொங்கும்," என்பாள்.

"பூட்டின்ர திறப்பைப் பக்கத்து வீட்டில குடுத்தனாங்கள்தானே," என்பார் தங்கராசா. திறப்பைப் பற்றியா அவள் பேசினாள்! ஆம்பிளைகளுக்கு எதைத்தான் விளங்கப்படுத்துவது?

அன்று வேதாகமத்தில் வரும் ஊதாரி மகன் கதை. வீட்டைவிட்டுப் போனவன் நொந்து திரும்பும் இடம் வந்தது. தெஸ்பாய் சொல்லச் சொல்ல அன்ரனிற்றாவின் பேனா ஓடியது. முடிந்ததும் சுவாமி தாளை வாங்கிப் படித்தார். அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு ஓடினான் என்றிருந்தது. அடுத்த வரியில், வாசலில் நின்ற தாயும் ஓடினாள் என்றிருந்தது.

"தாய் எங்கிருந்து வந்தாள், தெஸ்பாய்? மூலத்தில் இல்லையே. இப்படியென்றால் அதிகாரம் முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டும்."

தெஸ்பாய் அன்ரனிற்றாவைப் பார்த்தார். அவளுடைய மகனைப் பற்றி அவர் அறிந்தவர். "நான்தான் மாறிச் சொல்லியிருப்பேன்," என்றார்.

பாவம், மூன்று மாத உழைப்பு அவருக்கு. அன்ரனிற்றாவால் பொறுக்க முடியவில்லை.

"இல்லைச் சுவாமி, அவர் சொல்லவில்லை. நான் எழுதினேன்," என்று தாளை வாங்கி அந்த வரியைத் தானே அடித்தாள்.

அதற்குமேல் அவளுக்கு ஜேர்மன் வரவில்லை. அங்கிருந்த இருவருக்கும் விளங்காத தமிழில் கேட்டாள்:

"தாயைக் காணேல்லையெண்டு அவன் திரும்பிப் போயிருப்பானோ, சுவாமி?"