அண்ணி மாற்றிய அரைமணி

எங்கள் அண்ணிக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தவள் நான்தான், நாத்தனார் என்ற உரிமையில். வீடே பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவாள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அண்ணனோடு கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்த வந்தவள். பொரிக்கும் பெட்டியை ஓட்டுகிற புரோகிராமும் அவள் எழுதியதுதான். ஆனால் போன ஈட்டில் அடைவைத்த முட்டை முழுக்கக் கூமுட்டையாகப் போயிற்று. "இந்தத் தடவையும் பொரிக்கலன்னா கடையில விக்கிற மெஷினே வாங்கிடுறேன். நீ பழைய வேலைக்கே போயிடு" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அண்ணி அடுத்த ஈட்டுக்கு முட்டை அடுக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அண்ணன்மேல் கோபம்.

பத்தொன்பதாம் நாள், உச்சி வெயில். பெட்டிக்குள் எண்ணூறு முட்டை. புரோகிராம் அரைமணிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிக்கும். அன்றைய வெக்கைக்கு அது போதவில்லை, ஈரம் மளமளவென்று இறங்கியது. உள்தோல் காய்ந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். அண்ணி முப்பதை ஐந்தாக மாற்றினாள். ஐந்து நிமிஷம் போயிற்று, ஆறும் போயிற்று. ஒரு சொட்டு விழவில்லை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும் அண்ணி" என்று சுவிட்சில் கை வைத்தேன். டிவி முதல் மிக்ஸி வரை எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

"கைய எடு."

அவள் அதட்டி நான் கேட்டதே இல்லை.

"நிறுத்தினா நாள் கணக்கு மறந்துடும். முதல் நாள்னு நெனச்சு முட்டைத் தட்ட அப்படியும் இப்படியும் சாய்க்க ஆரம்பிச்சிடும். பதினெட்டு நாளுக்கு மேல அத அசைக்கவே கூடாது. குஞ்சு ஓட்ட உடைக்கத் தலையத் திருப்புற நேரம் இது. கணக்க சேமிச்சு வெக்காதது என் தப்புதான்."

"அப்ப ஏன் தண்ணி வரல?" என்றான் அதற்குள் ஓடிவந்த அண்ணன்.

"பழைய அரைமணிய எண்ணிட்டிருக்கு. அது முடிஞ்சாத்தான் புது நம்பரப் பாக்கும். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"புதுசா இன்னொரு டைமர ஓட விடேன்."

"போன ஈட்டுல அதத்தான் பண்ணேன். பழசும் ஓடிச்சு, புதுசும் ஓடிச்சு. முட்டையெல்லாம் ஊறிப்போச்சு."

போன ஈடு ஏன் கெட்டது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். நான் முறைத்த முறைப்பில் விழுங்கிவிட்டான்.

ஓடுகிற புரோகிராமுக்கே கட்டளை அனுப்ப அவள் ஒரு வழி வைத்திருந்தாள். முதல் வரியில் பழைய டைமரை ரத்து செய்தாள். ரத்தாகிவிட்டது என்று திரை சொன்ன பிறகுதான் அடுத்த வரி: இப்போதே ஒரு தெளிப்பு, பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. அடித்ததை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள், பாவி, அந்த நேரத்திலும். பிறகு தட்டினாள்.

புஸ்ஸென்று தெளித்தது. கடிகாரத்தைப் பார்த்தபடி மூவரும் நின்றோம். சரியாக ஐந்தாம் நிமிஷம் மறுபடியும். நாள் கணக்கு பத்தொன்பதிலேயே இருந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் பெட்டி முழுக்கக் கீச்சுக் கீச்சென்று சத்தம். அண்ணன் ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த ஈடு எப்ப வெக்கலாம்?" என்று அவளிடம் கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"முதல்ல நாள் கணக்க சேமிக்கிற மாதிரி மாத்திடுறேன்" என்றாள் நிதானம்.

மாற்றியும் விட்டாள். இப்போது நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் சுவிட்சுக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'நாத்தனார் தொடக் கூடாது.'