ஏதென்ஸ் வளையலும் அத்தையின் வளையலும்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பாவின் தங்கை நியூ ஜெர்சியிலிருந்து இரண்டு பெட்டிகளோடு பேர்லேண்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமா எப்போது வருவார் என்று கேட்டேன். அத்தைக்கு ஓய்வு தேவை என்று அம்மா சொன்னாள். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் கெஸ்ட் ரூமில் ஓர் ஆள் இருப்பது பிடித்திருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மாமாவின் வீட்டார் தெரிந்தவர் ஒருவரிடம் அத்தையின் கல்யாண நகைகளைக் கொடுத்தனுப்பினார்கள். ஈரோட்டில் தாத்தா செய்து போட்டவை. அப்பா அவற்றை டைனிங் டேபிளில் பரப்பி, பழைய பட்டியல் ஒன்றை வைத்துச் சரிபார்த்தார். ஒன்றும் குறையவில்லை. “எப்படிப்பட்டவங்களா இருந்தாலும் நகைய ஒழுங்கா திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்த மட்டுக்கும் நேர்மை இருக்குது” என்றார். அன்று அவர் சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். அத்தை ஒரு வளையலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான் அவள் சனிக்கிழமைகளில் எஸ்டேட் சேலுக்குப் போக ஆரம்பித்தாள். முதியவர்கள் இறந்துபோனாலோ முதியோர் இல்லத்துக்குப் போனாலோ அவர்கள் வீட்டுச் சாமான் முழுவதையும் விலைச்சீட்டு ஒட்டி விற்பார்கள். துணைக்கு நானும் போவேன். அப்படி ஒரு வீட்டில் அத்தை ஒரு பிஸ்கட் டின்னை இருபது டாலருக்கு வாங்கினாள். உள்ளே முழுக்க கிரேக்க நகைகள். அந்த வீட்டுக்காரர்கள் இளவயதில் கிரீஸுக்கு அடிக்கடி சுற்றுலா போனவர்களாம். அம்மா டின்னைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அத்தைக்கு மனசு சரியில்லை என்பதற்கு அதை ஓர் அடையாளமாக இருவரும் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அத்தை அவற்றைக் கட்டிலில் கொட்டி, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறிய லென்ஸால் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்த வருடம் பள்ளியில் எங்களுக்குக் கிரேக்கப் புராணம் நடந்தது. ஆகவே உருவங்களைச் சொல்வது என் வேலையாயிற்று. இந்த ஆந்தை அதீனாவுடையது, இந்த இறக்கை வைத்த குதிரை பெகாசஸ், தலைமுடி பாம்பாக இருப்பவள் மெடூசா என்று ஆங்கிலத்தில் அடுக்கினேன். சாபத்தால் முடி பாம்பாகி, கடைசியில் தலையும் வெட்டுப்பட்ட மெடூசாவின் கதையை அத்தை முழுதாகக் கேட்டாள்.

“அந்தப் புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு?”

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் போட்டிருக்கவில்லை. போட்டிருக்கவில்லை என்று சொன்னேன். அத்தை அந்த மெடூசா பதக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

அவளுக்கு எதிலும் பின்பக்கம்தான் முக்கியம். அங்கே 925 என்று முத்திரை இருந்தால் வெள்ளி. கிரீஸ் என்று மட்டும் இருந்தால் பித்தளையாகவும் இருக்கலாம். கையால் செய்ததில் உளியின் தடம் சமமாக இராது. அச்சில் வார்த்ததில் பொடிப்பொடியாகக் குமிழிகள் தெரியும். உடம்பில் உரசும் விளிம்பில் முலாம் தேய்ந்து சிவப்பாக இருந்தால், அடியில் இருப்பது செம்பு. இதையெல்லாம் லைப்ரரி புத்தகங்களிலிருந்து அவள் படித்துக்கொண்டாள், அவளிடமிருந்து நான் படித்துக்கொண்டேன். இரண்டு ஆட்டுத்தலைகள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கும் வளையல் ஒன்று கைவேலையான வெள்ளியென்று தெரிந்தது. ஆன்லைனில் அது நூற்று நாற்பது டாலருக்குப் போயிற்று. முத்திரை இல்லாத பத்து உருப்படிகள் சேர்த்துப் பதினைந்துக்குப் போயின. ஆட்டுத்தலை வளையலுக்கு இரண்டாயிரம் வருடப் பழமையானது என்று எழுதலாமே என்றேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. இது புதையலும் இல்லை, போலியும் இல்லை, ஊர் பார்க்கப் போனவர்கள் வாங்கி வந்தது, எது எந்த வகையோ அந்த வகையில்தான் போட வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் சுவனீர் என்றே போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினோம். அம்மா வற்புறுத்தியதால் அத்தை பட்டுப்புடவை கட்டி, திரும்பி வந்த எட்டு வளையல்களையும் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். லென்ஸ் அப்போதெல்லாம் என் கழுத்தில் கயிற்றில் தொங்கும். விளையாட்டாக அவள் கையைப் பிடித்து ஒரு வளையலின் உட்புறத்தைப் பார்த்தேன். முத்திரை இல்லை. விளிம்பில் சிவப்பு. மற்ற வளையல்களிலும் அப்படியே.

“பிளேட்டட்” என்றேன். கிரேக்கச் சாமான்களுக்குச் சொல்லும் அதே குரலில், கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு.

அத்தையின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. “நம்ம ஊர்ல அதுக்குக் கவரிங்னு பேரு கண்ணு” என்றாள்.

அப்பா கராஜில் காரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல ஓடினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணன்கிட்ட சொல்லாத. எனக்கு அது வந்தன்னைக்கே தெரியும். கைல எடுத்தப்பவே கனமில்ல.”

அவர்கள் ஏமாற்றியிருக்கிறார்கள், அப்பாவுக்குத் தெரிய வேண்டாமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“தெரிஞ்சா நாளைக்கே பிளைட் புடிச்சுப் போய் அவங்க வாசல்ல நிப்பாரு. அப்பறம் கேஸு, வக்கீலு. இன்னும் நாலு வருசத்துக்கு நான் அவங்களோட பேசிக்கிட்டே இருக்கணும். எனக்கு முடியாது கண்ணு.”

கோயில் கேன்டீனில் ஓர் ஆன்ட்டி அத்தையின் கையைப் பிடித்து, இந்தக் காலத்தில் இப்படி வேலைப்பாடு கிடைப்பதில்லை என்றார். அப்பா தோசைத் தட்டோடு திரும்பி, எங்கப்பா செஞ்சு போட்டதுங்க என்றார். தவறான மதிப்பீட்டைக் காதில் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு அவமானமாகப் பட்டது. அத்தையோ சாம்பாரில் உப்பு குறைவு என்றாள்.

அடுத்த வாரம் அவள் அந்த எட்டு வளையல்களையும் கறுப்புத் துணியில் வைத்துப் படமெடுத்து ஆன்லைனில் போட்டாள். செம்பு, தங்க முலாம், தென்னிந்திய வேலைப்பாடு, விளிம்பில் தேய்மானம் என்று நேர்மையாக எழுதினாள். வகை என்ற இடத்தில் சுவனீர் என்று அடித்தாள். அது தப்பு என்றேன். சுவனீர் என்றால் போய்ப் பார்த்த ஊரிலிருந்து கொண்டு வருவது.

“நானும்தான் ஒரு ஊருக்குப் போயிட்டு வந்தேன்” என்றாள் அத்தை. சொல்லிவிட்டுச் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு கற்றும் அத்தை இந்த ஒரு சொல்லில் கோட்டை விடுகிறாளே என்று வருத்தமாக இருந்தது. வளையல்கள் இரண்டே நாளில் விற்றுப்போயின. அவை பேங்க் லாக்கரில் இருப்பதாக அப்பா ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் விற்பதற்கு முன்பே, அத்தை எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், நான் சுவனீரை அழித்துவிட்டு அந்த இடத்தில் போலி நகை என்று சரியான வகையை அடித்து வைத்தேன். அவள் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திருத்தாமல் விட்டுவிட்டாள். என் திருத்தத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.