அக்காவின் சிந்தசைசர்

கறுப்புத் தகட்டில் வரிசை வரிசையாகத் திருகுகள், அவற்றை ஒட்டிச் சின்னச் சின்னத் துளைகள், ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்குத் தொங்கும் வண்ணக் கம்பிகள். எழுபதுகளின் கடைசியில், பினாங்கில் எங்கள் வீட்டு மேசைமேல் அந்தச் சிந்தசைசர் வந்து உட்கார்ந்த மாலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடற்கரை ஹோட்டலில் வாசித்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்றதை எங்கள் இசைக்குழு மாஸ்டர் வாங்கி, அக்காவிடம் கொடுத்திருந்தார். அக்கா குழுவில் ஹார்மோனியம் வாசிப்பாள், நான் பாடுவேன். யாழ்ப்பாணத்துக்காரரான அப்பா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்ன பிள்ளை இது, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரிக் கிடக்கு?" பெண்பிள்ளைகள் மேடையேறுவது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. தடுத்ததில்லை; கேட்க வந்ததும் இல்லை.

இப்போதைய கீபோர்டு போல அதில் ஆயத்த ஓசைகள் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் ஒலிக்கும். கம்பி செருகாமலும் வாசிக்கலாம். செருகினால் ஓசையின் போக்கே மாறிவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பழுதான சர்க்யூட் பலகைகளைத் திருத்துவதுதான் அக்காவின் வேலை. ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி முகம் கழுவிய கையோடு அதன்முன் அமர்ந்துவிடுவாள். வாரக்கணக்கில் முயன்று, புல்லாங்குழலுக்கும் கடற்காற்றுக்கும் நடுவில் ஓர் ஓசையைச் செய்தாள். ஃபெரிக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும்போது காதை உரசிக்கொண்டு போகும் காற்று போல அது இருக்கும். தீபாவளி நிகழ்ச்சிக்குச் சென்னையிலிருந்து வரவிருந்த பாடகரின் முதல் பாட்டை அதைக்கொண்டே தொடங்குவதென்று மாஸ்டர் முடிவு செய்தார்.

நிகழ்ச்சியன்று மதியம் ஒத்திகை. அக்கா விசையைத் தொட்டதும் அது கரகரவென்று இரைந்து அடங்கிப்போனது. பாடகர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அம்மா, அந்த மிஷினை ஓரமா வெச்சுட்டு ஹார்மோனியமே வாசிச்சிடுங்க. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" மாஸ்டரும் தயங்கி, "ரிஸ்க் வேணாம் லா" என்றார். அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

எங்களுக்குச் சாப்பாடு கொடுக்க வந்திருந்த அப்பா, கையில் அடுக்குச்சட்டியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நேரே மேடைக்கு வந்தார்.

"ஏன் பிள்ளை, உன்னாலை இதைத் திருத்தேலாதோ?"

"ஏலும் அப்பா. சால்டரிங் அயர்ன் வேணும்."

"அப்ப காரிலை ஏறு."

சிந்தசைசரையும் காரில் ஏற்றிக்கொண்டு, தொழிற்சாலையில் அக்காவோடு ஒரே மேசையில் வேலை செய்யும் தமிழ் முஸ்லிம் தோழியின் வீட்டுக்குப் போனோம். ஈயம் பற்றவைக்கும் அந்தக் கருவி அவளிடம் இருந்தது. இருவரும் மூடியைக் கழற்றி, டார்ச் விளக்கடியில் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். அப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டார். திடீரென்று தோழி, "இங்க பாரு லா, ஜாயிண்ட் வெடிச்சிருக்கு!" என்று கத்தினாள். முடி அகலத்துக்கு ஒரு விரிசல். அக்கா ஈயத்தை உருக்கி அதன்மேல் வைத்தாள். மூடியைப் பூட்டிவிட்டு ஒரு சுரத்தை அழுத்தினாள். அந்தச் சின்ன வீட்டுக்குள் கடற்காற்று வீசியது.

மண்டபம் நிறைந்திருந்தது. திரை விலகியதும் அக்கா தொடங்கினாள். பேச்சுச் சத்தம் வரிசை வரிசையாக அடங்கிற்று. பாட வாயெடுத்த பாடகர் அப்படியே நிறுத்தி, திரும்பி அவளைப் பார்த்து, இன்னொரு முறை என்று விரலைச் சுழற்றினார். அவள் மறுபடி முழுவதும் வாசித்து முடித்த பிறகுதான் பாடினார். கைதட்டலுக்கு நடுவே, கடைசி வரிசையில் நின்ற அப்பா பக்கத்திலிருந்தவரிடம் உரக்கச் சொன்னாராம்: "அவள் என்ரை மூத்தவள். வாசிக்கிறதும் அவள், திருத்தினதும் அவள்!" அதே வரிசையில் உட்கார்ந்திருந்த தோழி சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும்.

அக்காவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பேரப்பிள்ளைகள் கைபேசியிலேயே ஆயிரம் ஓசைகளைத் தட்டியெடுத்துக் காட்டுகிறார்கள். அவளும் ரசித்துக் கேட்கிறாள். எனக்கு மட்டும் அவற்றைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் பழைய கார் நினைவுக்கு வரும். அந்தத் தீபாவளிக்குப் பிந்திய கச்சேரிகள் எல்லாவற்றுக்கும் அப்பாதான் ஓட்டிப் போனார். முன் சீட்டில் போர்வை சுற்றிய சிந்தசைசர். அம்மா உட்பட நாங்கள் எல்லோரும் பின்னால்.