வாத்துக்கறியும் இல்லாத சுவரும்

கொரியாவின் தேஜோன் நகரில் எங்கள் ஆய்வகத்திலேயே பாதி ஆயுளை ஓட்டியவள் தோ கும்ரான். செல்லின் உட்கருவுக்குள் மரபணு இழை எப்படி மடிந்து கிடக்கிறது என்று படமெடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. மடிப்பு கலையாமல் ஃபார்மலின் ஊற்றி உறையவைப்பதில் அவள் கை படு சுத்தம். திரையில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு முக்கோணமாகத் தெரியும். அடுக்குமாடி அறைகளைப் போலத்தான். நடுவில் சுவர் இருப்பதால் ஓர் அறையின் சுவிட்சுக்கு அந்த அறை விளக்குதான் எரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கருவுற்றதை அவள் யாரிடமும் சொல்லியிராத நேரம், குழு விருந்தில் தலைவர் வாத்துக்கறி வரவழைத்தார். இருப்பதிலேயே இளையவள் வேண்டாம் என்பாளா? தின்றாள். மகள் தசோம் ஒட்டிய குட்டை விரல்களோடு பிறந்தாள். கர்ப்பிணி வாத்து தின்றால் பிள்ளைக்கு விரல் ஒட்டும் என்று நம்புகிற மாமியார் சும்மா விடுவாரா?

"நாக்கை அடக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் புள்ள?" என்று பண்டிகைக்குப் பண்டிகை இதே பாட்டுதான். ஆஸ்பத்திரியில் குழந்தையின் மரபணுக்களைச் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதுவே வினையாயிற்று.

"மெஷினே சொல்லிடுச்சு. அப்ப வாத்துதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைச் சொல்லிவிட்டுக் கும்ரான் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

போன இலையுதிர்காலத்தில் தசோம் கருவுற்றாள். பிள்ளைக்கும் விரல் ஒட்டுமோ என்ற பயத்தில் அவளே எங்கள் ஆய்வகத்துக்கு வந்து ரத்தம் கொடுத்தாள். தாயும் கொடுத்தாள். மகளின் படத்தில் இரண்டு முக்கோணங்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே பெரிதாய்க் கிடந்தது. மரபணுக்கள் எல்லாம் சரி, நடுச்சுவரைத்தான் காணோம். அடுத்த அறை சுவிட்ச், விரலை வளர்க்கும் விளக்கைக் கண்டபடி எரித்திருக்கிறது.

"அக்கா, வாத்து இல்ல, பாத்தீங்களா?" என்றாள் கும்ரான். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்து கும்ரானின் படத்தைத் திறந்தோம். அதே இடத்தில் அதே சுவர் இல்லை. அவள் விரல்களோ நேராகத்தான் இருந்தன. சுவர் இல்லாவிட்டாலும் சிலரை இந்தக் குறை தொடாமல் விட்டுவிடும். ஏன் என்று எங்களுக்கும் தெரியாது. பிள்ளைக்குப் போய்ச்சேர்வது பாதிக்குப் பாதி.

அப்போது தசோம் போனில் கூப்பிட்டாள். "முடிவு வந்துடுச்சாம்மா? வாத்துன்னா பயமே இல்ல. நான் அந்தக் கடைப் பக்கமே போகல."

"வாத்து இல்லம்மா," என்றாள் கும்ரான். "நான்தான்."



"அப்ப என் புள்ளைக்கு நான்தானாம்மா?"